எண்ணெய் எடுத்த கிராம்பு

ஊரடங்கில் நின்றுபோன பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கிய அன்றைக்கே ஜெஸி அண்ணி எங்கள் வீட்டை விட்டுப் போனாள். 2021 ஜூன் 28, திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவள் வைத்திருந்த ஸ்கூட்டர் எங்கள் அப்பா பெயரில் வாங்கியது. அதைக் கழுவித் துடைத்து, சாவியை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, ஆறு வயது மகள் ஜெனோவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேலகரத்தில் ஏறித் தென்காசி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வாசுதேவநல்லூர், அவளுடைய அம்மா வீடு. ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை.

சூட்கேஸை நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போனது என் அண்ணன் ஸ்டான்லி. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரும்படி சொன்னானாம். அம்மா ஜெபமலர் வாசலுக்கு வரவில்லை. அப்பாவின் தங்கை கிறிஸ்டி அத்தை பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். அண்ணி அன்றைக்கும் முகக்கவசம் போட்டிருந்தாள். பஸ் திரும்பும்போது அவள் அழுதாளா, சும்மா இருந்தாளா என்பதுகூடத் தனக்குத் தெரியவில்லை என்று ஸ்டான்லி பிற்பாடு ஒருமுறை சொன்னான்.

அந்த வீட்டில் அவள் பெயர் அப்பாவைக் கொன்றவள் என்று ஆகியிருந்தது. கொரோனாவை வீட்டுக்குக் கொண்டுவந்தவள். அப்படி இல்லை என்று நிரூபிக்க அவளிடம் எல்லாம் இருந்தது, கேட்பதற்கு ஆள்தான் இல்லை. நானும் கேட்கவில்லை. நான் ஊர் ஊராகச் சுற்றப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்போது ஜார்ஜியாவில், திபிலிசி என்ற ஊரில், ஒரு விடுதிச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே எழுதுவதில் பாதி மற்றவர்கள் சொன்னது, அவர்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான்.

ஜெஸி எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். எங்கள் அப்பா அவளைத் தேர்ந்தெடுத்தது படிப்பைப் பார்த்தோ தோட்டத்தைப் பார்த்தோ அல்ல, குரலைக் கேட்டு. புளியங்குடியில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினார். பெண் பார்க்கப் போன அன்று, வைத்த பலகாரத்தைத் தொடாமல், முதலில் ஒரு பாட்டு என்று கேட்டாராம். கருப்பட்டி மிட்டாய்த் தட்டோடு நின்றபடியே அவள் பாடியிருக்கிறாள்.

வந்த புதிதில் எனக்கு அவளோடு கடைத்தெருவுக்குப் போகப் பிடிக்கும். மனிதர்களை அவள் நரம்பை வைத்து அடையாளம் சொல்வாள். அந்தா போகிற மாமாவுக்கு நரம்பே கிடைக்காது, இரண்டு கையிலும் குத்தினேன். இந்த ஆச்சிக்கு ஊசியைக் காட்டினாலே இரத்தம் வந்துவிடும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே அவர் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "பைப்பு மாதிரி இருக்குட்டி, எனக்குக் கை அரிக்கி," என்று என் காதில் சொல்வாள்.

அப்பாவுக்கு ஐந்தருவியில் ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், மிளகு, தேன் விற்கும் கடை. அருவிச் சீசன் மூன்று மாதம் விற்றால் வருடம் ஓடும். கேரளாவிலிருந்து வரும் சரக்கைச் செங்கோட்டை வியாபாரி முத்துச்செல்வத்திடம் எடுப்பார். அப்பாவுக்கு ஈளை உண்டு. மார்கழியில் அவர் மூச்சு விடுவது அடுத்த அறைக்குக் கேட்கும். ஆனால் மூக்கு அப்படி ஒரு மூக்கு. கண்ணை மூடிக்கொண்டு இது எந்த மலை ஏலம் என்று சொல்வார்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். இடி விழுந்தாலும் ஏழு மணி. அப்பா வேதம் வாசிப்பார், அம்மா ஜெபிப்பாள், பிறகு பாட்டு. ஜெஸி வந்த பிறகு பாட்டு அவளுடையதானது. அவள் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வோம். கிறிஸ்டி அத்தையும் வருவாள். முப்பத்து மூன்று வயதில் கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை, நாள் முழுக்கத் தனி வீடு. ஆறே முக்காலுக்கு முகம் கழுவிப் பவுடர் பூசி, பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளுடைய நாளில் அந்த ஏழு மணிதான் மணி.

2020இல் நோய் வந்தபோது வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போட வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் எங்கள் தெருவில் ஜெஸிதான். தெருவில் போட்டுக்கொண்டு போய்விட்டு வீட்டுக்குள் கழற்றுகிறோமே, நோய் வீட்டுக்குள்தானே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று கேட்டாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மூன்று மடிப்பாகத் தைத்தாள். மூலையில் ஆளுக்கொரு நிற நூல்: அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு, அத்தைக்கு மஞ்சள். வேலையிலிருந்து வந்ததும் புறவாசல் குளியலறையில் குளித்து, வேறு ஒன்றை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். சாப்பாடு அடுக்களை வாசற்படியில், தனியாக. கழற்றியவற்றை ராத்திரிக்குள் வேகவைத்துக் கொடியில் உலர்த்துவாள். வேறு பெரிய பாத்திரம் இல்லாததால் இட்லிப் பானையில் வேகவைத்தாள். அது அம்மாவுக்குத் தீராத மனத்தாங்கல். எச்சில் துணியை வேகவைத்த பானையில் அவித்த இட்லி என்று விருந்தாளிகளிடம் சொல்லியே பரிமாறுவாள்.

அப்பா மட்டும் சொன்னதைக் கேட்டார். பேப்பர் படிக்கும்போதுகூட நீல நூல் காதுக்குக் கீழே தொங்கும். பார்க்க வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள யாரு மேல சந்தேகம்?" என்று கேலி செய்வார்கள். லேப்காரி சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பார் அப்பா, கொஞ்சம் பெருமையோடுதான்.

ஆனால் ஏழு மணிக்கு எல்லோரும் கழற்றினார்கள்.

முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அப்பா தன்னுடையதை நான்காக மடித்து வேதப்புத்தகத்தின் பக்கத்தில் வைப்பார். ஜெபத்தில் பெண்கள் தலைக்கு முக்காடு போட வேண்டும், முகம் திறந்திருக்க வேண்டும். அது அவர் அறிந்த மரியாதை. கடவுளிடம் முகத்தை மறைத்துக்கொண்டு பேச அவரால் முடியவில்லை. கொசு வரும் என்று ஜன்னல்களைச் சாத்துவார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று சட்டம் இருந்ததால், பாட்டுச் சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று இன்னும் இறுக்கிச் சாத்தினார்கள். அரை மணி நேரம், ஐந்து பெரியவர்கள், ஒரு குழந்தை, மூடிய அறை, வாய் நிறையப் பாட்டு. பகல் முழுக்கக் கட்டிக் காத்ததை அந்த அரை மணியில் அவிழ்த்துப் போட்டார்கள். முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததைக் கடவுளின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் அலை வந்த ஏப்ரலில் ஜெஸிக்குக் காலையிலிருந்து மாலைவரை மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கிற வேலை. ஒரு மாலை அவள் ஜெபத்துக்கு முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தாள். அப்பா அதட்டவில்லை. வேதத்தைத் திறந்தார். வாசிக்க வேண்டிய வரியில் விரலை வைத்தார். அவளைப் பார்த்தார். விரலை எடுக்காமல் அப்படியே காத்திருந்தார். அம்மா அவளைப் பார்த்தாள், அத்தை பார்த்தாள், ஸ்டான்லி தரையைப் பார்த்தான். கடைசியில் அவள் கழற்றினாள். அப்பா வாசித்தார். அவள் பாடினாள்.

மறுநாள் காலை அவரிடம் தனியாகப் பேசினாள். அடுக்களையிலிருந்து ஸ்டான்லி கேட்டிருக்கிறான்.

"மாமா, பேசுறதவிடப் பாடுறப்பதான் ரொம்பத் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலயாவது தெறந்து வைப்போம்."

"ஆண்டவருக்கு முன்னால மூஞ்சிய மூடுறதுக்கு நமக்கு என்னம்மா தப்பு நடந்து போச்சு?"

"ஆண்டவருக்காவ இல்ல மாமா. உங்க மூச்சுக்காவத்தான் சொல்லுதேன்."

"அதே மூச்ச அவருதான குடுத்தாரு."

அன்றிலிருந்து அவள் ஜெபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஏழு மணிக்கு ஜெனோவைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, அதே அதிகாரத்தைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவாள். கூடத்தில் அம்மா பாட்டை எடுக்க, சுருதி எங்கோ போய் விழும். அப்பா அவளைத் திட்டவில்லை. பாட்டுப் புத்தகத்தை அவள் உட்காரும் இடத்தில் தினமும் எடுத்து வைத்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று அவள் ஸ்டான்லியிடம் சொன்னாளாம்.

மே பதிமூன்றாம் தேதி அப்பாவுக்குக் காய்ச்சல். பதினைந்தாம் தேதி மூச்சு முட்டியது. படுக்கைகள் கிடைக்காத நாட்கள் அவை. ஜெஸி யார் யார் காலையோ பிடித்து ஒரு படுக்கை வாங்கினாள். அதற்குள் அம்மா, ஸ்டான்லி, அத்தை மூன்று பேருக்கும் தொற்று உறுதியானது. மூன்று பேரும் வீட்டில் படுத்துக் கிடந்தார்கள். ஜெஸிக்கும் ஜெனோவுக்கும் மட்டும் இல்லை. அப்பா இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை இறந்தார்.

வீட்டிலிருந்து அடக்கத்துக்குப் போக முடிந்தது அவள் ஒருத்திதான். தன்னார்வக்காரர்கள் நாலு பேர், தள்ளி நின்று ஜெபம் சொன்ன போதகர், அவள். இங்கேயிருந்து அங்கே எனக்குக் காட்டியதும் அவள்தான். அடக்கம் முழுவதையும் அவள் கையில் பிடித்திருந்த போனில்தான் பார்த்தேன். பை போன்ற ஒன்றை இறக்கினார்கள். பிறகு யாருக்கும் என்ன செய்வது என்று தெரியாத ஒரு இடைவெளி. அப்போது அவள் பாடினாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து, அடைத்த குரலில், அப்பாவுக்குப் பிடித்த பாட்டு. நாலு அடி பாடியதும் மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி எடுத்துப் பாடி முடித்தாள். படம் ஒருமுறைகூட ஆடவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அம்மா சொன்னது: "உயிரோட இருக்கயில பாடல. செத்த பொறவு பாடுனாளாம்."

யார் கொண்டுவந்தது என்ற பேச்சை முதலில் எடுத்தது கிறிஸ்டி அத்தை. துக்கம் கேட்டு வந்த ஒவ்வொரு போனிலும் ஆஸ்பத்திரிக்காரி கொண்டாந்துட்டா என்று சொன்னாள். அம்மா அதை இன்னும் ஒழுங்குபடுத்தினாள். வீட்டில் எல்லோருக்கும் வந்தது, அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் மட்டும் ஏன் வரவில்லை? என்ன வரப்போகிறது என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். ஜெபத்துக்கு வராமல் தன்னையும் தன் பிள்ளையையும் ஒதுக்கிக் காப்பாற்றிக்கொண்டாள். நோயைக் கொண்டுவந்தவளும் அவளே, நோய் வராமல் தப்பித்தவளும் அவளே. இரண்டும் ஒரே வாயில் எப்படி நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. வாராவாரம் எடுத்த தன் பரிசோதனைச் சீட்டுகளை அவள் வரிசையாகக் கொண்டுவந்து காட்டினாள். ஏப்ரல், மே, எதிலும் தொற்று இல்லை. அவளே எடுத்து அவளே எழுதின பேப்பர் என்றாள் அம்மா.

அம்மா இதையெல்லாம் எனக்கு அழுதுகொண்டே குரல்பதிவாக அனுப்பினாள். நான் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று அவற்றைக் கேட்டேன். அப்பாவைப் பார்க்காமல் போய்விட்டேனே என்ற ஆத்திரத்தை வைக்க எனக்கும் ஒரு இடம் தேவைப்பட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, என் அப்பாவின் குழியை எனக்குக் காட்டிய அதே போனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "எங்க அப்பாவ நீங்கதான் கொன்னீங்க அண்ணி." இரண்டு டிக்கும் நீலமாயின. நாற்பதாவது நாள் நெருங்குவதற்குள் அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு வருடமாக வாசற்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத் தனித்தட்டு ஒரு தண்டனையா என்று கேட்கலாம். அவள் தனியாக உட்கார்ந்தது அவர்களுக்காக.

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

நான் 2024 ஜனவரியில் திரும்பினேன். கடையை ஸ்டான்லி நடத்திக்கொண்டிருந்தான். அந்த ஜூனில் சீசனுக்குச் சரக்கு எடுக்கச் செங்கோட்டைக்கு என்னை அனுப்பினான். முத்துச்செல்வம் அண்ணாச்சிக்கு என்னைப் பார்த்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். மூன்று வருடமாக மனதில் கிடந்ததைச் சொன்னார்.

"உங்கப்பா கூட முப்பது வருசப் பழக்கம். கடைசியாப் பேசுனது சண்டையில முடிஞ்சிட்டும்மா. ரம்ஜானுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன போன் போட்டாரு. எண்ணெய் எடுத்த கிராம்ப எந்தலையில கட்டிட்டியேல, மணமே இல்லையேன்னாரு. அவரு என்னய 'ஏலே'ன்னது அன்னைக்குத்தான்."

எண்ணெய் எடுத்த கிராம்பு என்றால் வடித்து எண்ணெயை உறிஞ்சிவிட்ட சக்கை. பார்க்க நல்ல கிராம்பு போலவே இருக்கும், மணம் இருக்காது. நல்ல சரக்கோடு கலந்து விற்கிற ஏமாற்று உண்டு. நான் கேட்டேன், அப்படிக் கலந்திருந்ததா என்று.

"அதே மூட்டையில மிச்சத்தப் புனலூருக்குக் குடுத்தேன். ஒருத்தரும் குறை சொல்லல. அவருட்டயும் சொன்னேன். கேக்கல. எந்தங்கச்சி நாலு நாளா மணமில்லன்னு சொல்லிட்டே கிடக்கா, நாந்தான் பெருசா எடுத்துக்கல, இன்னைக்கு எனக்கே தெரியுதுன்னுட்டு வச்சிட்டாரு."

நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிலும் சாக்கு சாக்காகக் கிராம்பு. கண் எரிந்தது. அந்த வருடம் ரம்ஜான் மே பதினான்கு, போன் வந்தது பன்னிரண்டாம் தேதி. நாலு நாளாக மணம் தெரியாத தங்கச்சி. நாலு நாள் கழித்து மணம் தெரியாத அண்ணன். அதற்கு மறுநாள் காய்ச்சல். சரக்கில் குறையே இல்லை. மூக்குதான் போயிருக்கிறது. வாசனை போவதுதான் அந்த நோயின் அடையாளம் என்று உலகத்துக்கே தெரிந்திருந்த மாதத்தில், எங்கள் வீட்டில் மட்டும் அதை வியாபாரி செய்த மோசம் என்று நினைத்திருக்கிறார்கள். மசாலாக்காரன் வீட்டில்தான் அப்படி ஒரு தப்பு நடக்க முடியும்.

அன்று மாலை கடையில் ஸ்டான்லியிடம் சொன்னேன். அவன் தேன் பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். துணியை நிறுத்தாமல் சொன்னான்.

"தெரியும்."

எல்லாம் அவன் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. மே எட்டாம் தேதி அத்தை, அப்பா வீட்டில் இறக்கி வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி கிராம்பு எடுத்துப் போனவள், திரும்பி வந்து மணமில்லை என்றாள். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ள எடுத்தது. அந்த வாரம்தான் அவள் செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்திருந்தாள். அப்பா மூட்டைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். மணந்தது. அப்படியென்றால் கலப்படம், அவள் கைக்குச் சக்கை போயிருக்கிறது என்றார். ஜெஸி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தையின் முந்தானை முடிச்சில் இருந்த கிராம்பையே வாங்கி அதில் போட்டாள். சக்கை என்றால் படுத்து மிதக்கும். நல்ல கிராம்பு அடிக்குப் போகும், இல்லையென்றால் தலை மேலே தெரிய நெட்டாக நிற்கும். பெரும்பாலானவை அடிக்குப் போயின. ஒன்றிரண்டு நெட்டாக நின்றன. மிதந்தது ஒன்றும் இல்லை.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு மாமா. கிறிஸ்டி அத்தைக்குத்தான் வாசனை போயிருக்கு. நாளைக்கு நான் டெஸ்ட் எடுக்கேன். அதுவரைக்கும் அவங்க ஜெபத்துக்கு வர வேண்டாம்."

அத்தை கொதித்தாள். "எம் மூச்சென்ன பாம்பு மூச்சாட்டி?" என்று கேட்டாள். அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கிராம்பு பார்த்தவருக்கு அந்தச் சோதனை தெரியாதா? தெரிந்த சோதனையை மருமகள் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துக் காட்டியதுதான் பொறுக்கவில்லை. "இது கடை விசயம். நீ உன் லேப்பப் பாரு," என்றார். தண்ணீரை அவரே முற்றத்தில் ஊற்றினார். டெஸ்ட் எடுக்க அத்தை விடவில்லை. அன்று ஏழு மணிக்கு வந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

"ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன்.

ஸ்டான்லி அப்போதுதான் துணியைக் கீழே வைத்தான். "அத்தை ஒத்தையில கெடக்கா. அவ மேல போட்டா அவ செத்துருவா. ஜெஸிக்கு வேலை இருக்கு, அம்மா வீடு இருக்கு. அவ தாங்கிக்கிடுவான்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டில் நடந்த விசாரணை அவ்வளவுதான். பழி யாருடையது என்று பார்க்கவில்லை. யார் தாங்குவார்கள் என்று பார்த்தார்கள். போக்கிடம் உள்ளவளைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

அத்தையிடமும் போய்க் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் மறுக்கவில்லை. முதலில் சரக்குக் குறை என்றுதான் நிஜமாகவே நினைத்தாளாம். ஜெஸி டம்ளரில் போட்டுக் காட்டிய பிறகு தெரிந்துவிட்டதாம். ராத்திரி காய்ச்சல் அடித்ததாம், மாத்திரை போட்டுக்கொண்டாளாம்.

"தெரிஞ்ச பொறவும் ஜெபத்துக்கு வந்தீயளே அத்தை."

"காலையில இருந்து சுவத்தப் பாத்துட்டு இருக்கேம்ட்டி. எத்தன மணி நேரம்தான் ஒருத்தி சுவத்தப் பாப்பா?" பிறகு, "எங்கண்ணனுக்கு வரும்னு நான் நெனைக்கல. எனக்கே ஒண்ணும் செய்யலியே," என்றாள். அழவில்லை. மணி ஆறே முக்கால் ஆகியிருந்தது. எழுந்து போய் முகம் கழுவிப் பவுடர் பூசினாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது சொல்லி என்ன, போனவர் வருவாரா என்றாள். அதே கேள்வியை ஜெஸியை அனுப்பும்போது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஜெஸிக்கு எழுதினேன். பல தடவை அடித்து அழித்து, கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது அண்ணி. நான் அனுப்பியதை மன்னிக்கும்படி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் கேட்கிறேன். எங்கள் இருவருக்கும் இடையில் திரையில் அதற்கு முன் இருந்த கடைசிச் செய்தி மூன்று வருடத்துக்கு முந்தைய என் செய்திதான். மேலே அது, கீழே இது. ஒன்பது நாள் கழித்து நீல டிக் விழுந்தது.

ஸ்டான்லி மாதம் ஒரு சனிக்கிழமை வாசுதேவநல்லூர் போய் ஜெனோவைப் பார்த்துவிட்டு வருவான். ஒருமுறை நானும் போனேன். பஸ் நிலையத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஜெஸிதான் வந்தாள். அங்கேயே ஒரு சின்ன லேப்பில் வேலை செய்கிறாள். என்னைப் பார்த்து, "மெலிஞ்சிட்டியே," என்றாள். எங்கே எங்கே போனாய் என்று கேட்டாள். நான் பேச வாய் எடுத்ததும் லேப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெனோவிடம், அம்மா கோயிலில் பாடுகிறாளா என்று கேட்டேன். இல்லையாம். வீட்டில் மட்டும் பாடுவாளாம்.

"ஜன்னல எல்லாம் தெறந்து வச்சிட்டுப் பாடுவா. தெருவுக்கே கேக்கும்," என்றது குழந்தை.

இந்த வருடம் ஐப்பசி மழை பிடித்ததும் அம்மாவுக்குச் சளி பிடித்தது. இருமல் நெஞ்சுவரை இறங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார். ஏழு மணி ஜெபம் நிற்கவில்லை. அப்பா இடத்தில் ஸ்டான்லி வாசிக்கிறான், அம்மா இருமலுக்கு நடுவே பாட்டு எடுக்கிறாள், அத்தைக்கு எழுபதாகிவிட்டது, அவள் தொடர்கிறாள். ஒரு மாலை கொசுவத்தி கொளுத்திவிட்டு, அத்தை எழுந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். என் கையில் போன் அதிர்ந்தது. ஜெஸி. என் முதல் செய்தி போய் நான்கு வருடமும் ஐந்து மாதமும் கழித்து, என் இரண்டு செய்திகளுக்கும் கீழே, அவளுடைய முதல் வரி வந்திருந்தது. பேரும் இல்லை, எப்படி இருக்கிறாய் என்றும் இல்லை. அம்மாவை மட்டும் இன்னும் அத்தை என்றுதான் எழுதியிருந்தாள்.

"அத்தைக்கு இருமல்னு ஜெனோ சொன்னா. மாஸ்க் ரெண்டாவது அலமாரி கீழ்த்தட்டுல துணிப்பையில இருக்கும், வேகவச்சு உலத்திப் போடு. ஜெபத்துக்கும் கழட்ட விடாத. ஜன்னலத் தெறந்து வை. பாட்ட வாசிச்சாப் போதும், பாட வேண்டாம்."